நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். கரையான்சாவடியில் ஒரு கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். அம்பத்தூரில் இரும்பு கடையும் லேத் மெஷின் முன்னால் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. தேர்வில் தேறினால் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

தேர்வில் 'மெஷின்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு மெஷினுக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அச்சு, எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் கன்ஸ்ட்ரக்டர் என்று ஒரு பகுதி உண்டு. புதிதாக ஒரு மெஷினை உருவாக்கும்போது முதலில் ஓடி, அதன் எண்ணையும் இடத்தையும் நிரப்புவது அதுதான். அந்த விவரங்களை வாங்கிக்கொண்டு அதிலிருந்து பிறக்கும் 'லேத்' கிளாஸை நாங்கள் எழுத வேண்டும். நான் எண், இடம், லேத்துக்கே உரிய வேகம் மூன்றையும் லேத்திலேயே நிரப்பினேன். புரோகிராம் ஓடியது.

பக்கத்தில், அதே தேர்வு எழுத வந்த, என்னோடு வேலை பார்க்கும் நண்பர். "இன்னா அண்ணாத்தே, லேத்துன்னதும் மூஞ்சில பல்பு எரியுது?" என்றார்.

எங்களுக்குச் சொல்லித்தந்து தேர்வையும் நடத்தும் பெண் வந்து, 'மெஷின்' கன்ஸ்ட்ரக்டரில் எண்ணெய் மாற்றிய நாளைச் சேர்த்து, என் லேத்தின் எல்லா விவரத்தையும் திரையில் காட்டச் சொன்னாள். என் லேத்தில் அந்த நாளே இல்லை. திரை முழுக்கப் பிழை என்று சிவப்பு எழுத்து.

"அண்ணா, மெஷினோட கன்ஸ்ட்ரக்டரை நீங்க கூப்பிடவே இல்லியே. 'சூப்பர்'னு ஒரு வரி போட்டா அது வேலைய அதுவே பாத்துக்கும். எல்லாத்தையும் நீங்களே ஏன் தூக்குறீங்க?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முந்தின ஷிஃப்ட்காரர் வைத்துவிட்டுப் போன அளவை நம்பி மெஷினை ஓட்டினேன். இரும்பை வெட்டும் டூல் போய் இடித்து உடைந்தது. அன்றிலிருந்து யார் செய்து வைத்தாலும் முதலிலிருந்து நானே செய்வேன். இங்கேயும் கை அதையே செய்திருக்கிறது.

"இன்னும் பத்து நிமிஷம் கீது. அந்தப் பொண்ணு சொல்றத போடு, அண்ணாத்தே," என்றார் நண்பர்.

மேலே 'சூப்பர்' வரியை எழுதினேன். எண்ணையும் இடத்தையும் நிரப்பிய என் இரண்டு வரிகளை அழிக்க மனசு வரவில்லை. பிறகு அழித்தேன். எண்ணெய் மாற்றிய நாளும் சேர்ந்து வந்தது. தேறிவிட்டேன்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பழைய லேத்தில் வேறொருவர் அளவு வைக்கிறார். எழுந்துபோய் ஒரு தடவை சரிபார்க்கலாமா என்று தோன்றும். எழுந்திருப்பதில்லை.