மாமனார் கட்டிவிட்ட சுவிஸ் வாட்ச்

கல்யாணத்தன்று என் மணிக்கட்டில் அந்தத் தங்கக் கூடு போட்ட சுவிஸ் வாட்சைக் கட்டிவிட்ட மாமனார், உடனே கையை விட்டுவிடவில்லை. குனிந்து, வாட்சின் மேல் காதை வைத்தார். தவில்காரர் பந்தலைப் பிளந்துகொண்டிருந்தார். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டார். "பேசுது மாப்பிள்ளை" என்றார். எனக்கோ என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. இன்றும் வாட்சுக்குச் சாவி கொடுக்கும்போதெல்லாம், ஈரச் சந்தனம் மணக்கும் அந்த வழுக்கைத் தலை மெல்ல என் கைமேல் கவிகிறது.

அவருக்குத் திருச்சி பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை. குடமோ அண்டாவோ, விரலால் சுண்டிக் காதால் கேட்டுத்தான் வாங்குவார். மெட்ராசுக்குப் போய், கடையிலிருந்த வாட்சுகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துப் பொறுக்கியது இது. ஒரு நிமிஷம்கூடப் பிசகாது என்று ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பிசகியது. தலைதீபாவளி முடிந்த கையோடு அது ஓட ஆரம்பித்தது, ஓட்டமென்றால் ஓட்டம். கண்டோன்மென்ட்டில் என் ஆபீசுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். பியூன் வரும்வரை வேப்பமரத்தடியில் நிற்பேன். என் உழைப்பை மெச்சி அதிகாரி எல்லோரிடமும் பேசியதுதான் மிச்சம். நானும் கவனக்குறைவானவன் இல்லை. தினமும் ராத்திரி ரேடியோவில் மணிச் சத்தம் வந்ததும் முள்ளைத் திருத்தி, பட்டுத்துணி விரித்து, அந்த ரேடியோவின் மேலேயே படுக்க வைத்துவிடுவேன். நல்ல சகவாசத்தில் திருந்தாதா என்ற நப்பாசை. காலையில் பார்த்தால் இன்னும் வேகம்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது? இன்று வாட்ச் சரியில்லை என்பான், நாளைக்குப் பெண் சரியில்லை என்பான் என்று அவர் நினைத்துவிட்டால்? அவர் வரும் நாட்களில் முன்கூட்டியே முள்ளைத் திருத்திவிட்டுக் காத்திருப்பேன். வந்ததும் வராததுமாக, "மணி என்னங்க மாப்பிள்ளை?" என்பார். சொல்வேன். அவர் முகத்தில் விளக்கேற்றினாற்போல ஒரு வெளிச்சம் வரும்.

அந்த வெளிச்சம் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்தியது. என் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். மணப்பாறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். வழியில் பஸ் மக்கர் பண்ணிவிட்டது. மாமனாரின் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் அவர்கள் புழுதியோடு நுழைந்தபோது என் வாட்சில் மணி நாலரையைத் தாண்டியிருந்தது. சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது; 'மாப்பிள்ளை கையில சுவிஸ் இருக்கும்போது இது எதுக்கு' என்று மாமனார் சாவி கொடுப்பதையே விட்டிருந்தார். வந்தவர்கள் யார் கையிலும் வாட்ச் இல்லை. பக்கத்து வீட்டில் மணி கேட்டால் மாமனாருடைய மானம் என்னாவது!

"மாப்பிள்ளை, மணி பாருங்க."

பார்த்தேன். காலையில் முள்ளைத் திருத்தினேனா, திருத்தவில்லையா? திருத்தியிருந்தால் ராகுகாலம் பிறந்துவிட்டது. திருத்தாவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கு எதுவும் நினைவில்லை. உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, கூடத்திலிருந்த முகங்களெல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோல மிதந்தன. பையனின் பெரியப்பா தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நேரம் தப்பிடுச்சுன்னா விடுங்க, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். அந்த இன்னொரு நாள் வரவே வராது என்பது அவர் குரலிலேயே இருந்தது. மருங்காபுரியில் அவர்களுக்கு வேறொரு ஜாதகம் காத்திருப்பது எங்களுக்குத் தெரியும். கதவோரம் மைத்துனியின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"மாமா, இந்த வாட்ச் வேகமா ஓடும்" என்றேன். என் குரல் என்றே நம்பமுடியவில்லை. ஆட்டுக்குட்டி கத்தியதுபோல இருந்தது.

மாமனார் என்னைப் பார்த்தார். முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை.

"எவ்வளவு வேகம்?" பெரியப்பா விடவில்லை.

"அது... நாளுக்கு ஒரு மாதிரிங்க."

"அவரை மாதிரியேதான்" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. "பந்தி போடுறதுக்கு முன்னாடியே இலையில உக்காந்துடுவாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். "வேகமா ஓடுதுன்னா இன்னும் நேரம் இருக்குன்னுதானே அர்த்தம்? தட்டை எடுங்க சம்பந்தி!" பெரியப்பா ஒரு கணம் துண்டைப் பிடித்தபடி நின்றார். "சுவிஸ்காரனே நமக்கு நேரம் குடுக்குறான், நாம ஏன் வேணாங்கணும்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாமனார் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு மெட்ராசுக்கு ரயில் ஏறினார். திரும்பி வந்தவர் நேராக எங்கள் ரேடியோவின் முன் போய் நின்றார். "இதும் மேலயா வெப்பீங்க?" என்றார். ரேடியோவின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறதாம்; அது வாட்சின் சுருள்வில்லில் ஏறி ஓட்டத்தைக் கூட்டிவிட்டதாம். ரேடியோவும் அவர் தலைதீபாவளிக்குக் கொடுத்த சீர்தான். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் நான் குடுத்ததுதான். ஒண்ணுக்கொண்ணு ஆகலை. வேற வேற ரூம்ல வைங்க மாப்பிள்ளை" என்றார். அப்புறம் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

மாமனார் காலமாகிவிட்டார். வாட்ச் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. மைத்துனி மணப்பாறையில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். ஆனால் தட்டு மாறியபோது உண்மையில் மணி என்ன? அவள் புருஷனோடு சண்டை போட்ட சேதி வரும்போதெல்லாம் என் உள்ளங்கை வியர்க்கும்; சமாதானமான சேதி வந்ததும் உலரும். அன்று ராகுகாலமாக இருந்ததா, இல்லையா என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கூடத்தில் சாய்ந்து கிடந்த அந்த மஞ்சள் வெயிலை மட்டும் நினைவிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பதாகவே சொல்கிறது.