ஏழு பெயர், ஆறு புள்ளி

புரூஃப் பார்க்கிறவள் புத்தகம் வாசிக்கக் கூடாது. எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கொழும்பில், வெள்ளவத்தைப் பதிப்பகமொன்றில் முப்பது வருடமாகப் புதிதாக வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்தவள் நான். காதல் கதையும் விஞ்ஞானப் பாடநூலும் எனக்கு ஒன்றுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது.

நாசி முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு யூதப் பெண்மணியின் நினைவுகள், தமிழ் மொழிபெயர்ப்பில் வந்திருந்தன. கிராண்ட்பாஸிலிருந்து வேலைக்கு வரும் ஃபரீதா மொழிபெயர்ப்பாளரின் மூலப்பிரதியைச் சத்தமாக வாசித்தாள். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொல்லித்தான் வாசிப்பாள். நான் புரூஃபில் பின்தொடர்வேன். பெயர் வந்தால் அதன்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன்.

ரயில் நிலையத்தில் பிரிக்கப்பட்டு, பிறகு காணவே கிடைக்காத வீட்டாரின் பெயர்களை அந்தப் பெண்மணி வரிசையாக எழுதியிருந்தார். ஃபரீதா ஒவ்வொரு பெயராக வாசிக்க எனக்கு எழுத்துக் கலங்கியது.

"என்னக்கா, அழுறீங்களா? நிப்பாட்டவா?"

"இல்லை, நீர் வாசியும்."

வெட்கமாக இருந்தது. கொழும்பில் தமிழரைத் தாக்கிய எண்பத்து மூன்றுக் கலவரத்தன்று வேலைக்குப் போன என் அண்ணா திரும்பி வரவில்லை. அதற்குக்கூட நான் இப்படி அழவில்லை. அம்மா தாங்கமாட்டார் என்று வீட்டில் அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். முன்பின் தெரியாத ஒருத்திக்காக இப்போது ஏன் அழுகிறேன்? அண்ணாவுக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் குழப்பத்திலேயே பக்கம் சரி என்று கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, மனம் கேட்காமல், அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துப் புள்ளிகளை எண்ணினேன். ஆறு. மூலப்பிரதியில் ஏழு பெயர். கடைசித் தம்பி யோசெல் அச்சில் விடுபட்டிருந்தான்.

கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு உடனே ஃபோன் எடுத்தேன்.

"பிளேட் மெஷினில ஏத்தியாச்சு மிஸ்," என்றார் ஃபோர்மன். "ஒரு பேர்தானே, ஆருக்கு விளங்கப்போகுது?"

"அந்தப் பொடியனுக்குக் குழியும் இல்லை, கல்லும் இல்லை. பேர் மட்டும்தான் இருக்கு. மெஷினை நிப்பாட்டுங்கோ!"

நான் கத்தியதில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"சரி சரி, நிப்பாட்டுறன். முதலாளிக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்."

"சொல்லுறன்."

ஃபோனை வைத்ததும் ஃபரீதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் அண்ணா காணாமல் போனது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, உங்கட அண்ணாட பேர் என்ன?"

வருடக்கணக்காக நான் சொல்லாத பெயர். "சிவநேசன்" என்றேன். அவள் ஒரு துண்டுத் தாளில் அதை எழுதி என் முன்னால் வைத்தாள்.

"எழுத்துச் சரியா எண்டு பாருங்க."

இரண்டு தரம் பார்த்தேன். சரியாக இருந்தது. மேலே ஒரு புள்ளி வைத்தேன்.

அன்று யாருக்காக அழுதேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பழைய பெருமையை நான் இப்போது பேசுவதில்லை. அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான்: வாசியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பெயர்களை எண்ணிவிடுங்கள்.