நான் இறுக்கிய நட்டு

ஆயுத பூசைக்கு முதல்நாள் எங்கள் ஊரில் வண்டி கழுவாதவர் இல்லை. நானும் செங்கம் சாலையிலிருந்த வாட்டர் சர்வீஸ் கடையில் வரிசையில் நின்று, என் மோட்டார் சைக்கிளைக் கழுவக் கொடுத்தேன். கைப்பிடிக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் பகுதியில் சேறு போகவில்லை என்று, பீய்ச்சும் குழாயை அங்கேயே நெடுநேரம் பிடிக்கச் சொன்னேன். மறுநாள் அதே இடத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

அந்தக் கழுத்துக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எஃகுக் கிண்ணங்கள் உள்ளன. அவற்றில் சிறு குண்டுகள் கிரீஸில் தோய்ந்து சுழல்வதால்தான் கைப்பிடி திரும்புகிறது. மெக்கானிக்குகள் இதைக் கோன் செட் என்பார்கள். நீர் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிட்டால் குண்டுகள் துருப்பிடிக்கும். கிண்ணங்களில் குழி விழும். இதையெல்லாம் நான் அறிந்தது பிற்பாடு.

சில வாரங்களில், பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் கைப்பிடிக்கடியில் ஏதோ இடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. வேங்கிக்காலில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"கோன் செட்டு போயிடுச்சு சார். முன்பக்கம் ஃபுல்லா இறக்கி, புதுசு போட்டு, கிரீஸ் வச்சு மாட்டணும். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கழிச்சு வண்டிய வுட்டுட்டுப் போங்க."

"அதுவரைக்கும்?"

"மெதுவா ஓட்டுங்க. சத்தம் கேக்குதேனு நீங்களா நட்ட முறுக்கிடாதீங்க. படிச்சவங்கதான் சார் அந்த வேல பண்றது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது குத்தலாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும், திருப்புளியின் முனையை வண்டிக் கழுத்தின் மேலிருந்த நட்டின் விளிம்பில் பொருத்திச் சுத்தியலால் தட்டித் தட்டி, அது அசையாத அளவுக்கு இறுக்கினேன். ஓசை நின்றது. ஓசை நின்றதையே பழுது நீங்கியதாக எடுத்துக்கொண்டேன்.

என் தங்கையின் கணவர் அடி அண்ணாமலைக்காரர். ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டினார். அவருடைய வண்டி பஞ்சராகிக் கிடந்த ஒரு பிற்பகலில் என்னுடையதைக் கேட்டார். வாசலிலேயே கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், ஹேண்டில் இவ்ளோ டைட்டா கீது?"

"புது கிரீஸ் வச்சிருக்கு. ஓட ஓட இளகிடும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னை நானே கேட்டிருக்கிறேன். வண்டி ஓட்டிப் பிழைப்பவர் முன்னால், தெரியாத வேலையில் கைவைத்தேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

கிரிவலப் பாதையின் ஒரு வளைவில் அவர் வளையாமல் நேரே போய்ச் சாலையோரக் கல்லில் மோதினார். வலது தொடையெலும்பு இரண்டாக முறிந்தது. மருத்துவமனையில், சூழ நின்ற உறவினர்களிடம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஹேண்டில் திரும்பல மாமா."

"திருப்புனாத்தானய்யா திரும்பும்?" என்றார் என் சித்தப்பா. "பட்டப்பகல்லயே ஏத்திக்கினியா?"

சிலர் சிரித்தார்கள். தங்கையின் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மெக்கானிக் அந்தக் கழுத்தைக் கழற்றினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செந்நிறச் சேறு இருந்தது. குண்டுகள் குழிகளில் அழுந்திக் கிடந்தன.

"இந்த நட்ட யார் சார் முறுக்குனது?"

"தெரியல."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்படி முறுக்குனா வண்டி நேராப் போவும் சார். திரும்பாது," என்று மட்டும் சொன்னார். புதிய குண்டுகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்து மாட்டி, கைப்பிடியை ஒற்றை விரலால் தொட்டார். அது தானே ஒருபக்கமாகச் சாய்ந்தது.

அந்த வாரமே பள்ளியிலிருந்து தங்கையின் கணவரிடம் விளக்கம் கேட்டார்கள். குடித்திருந்தார் என்ற பேச்சு அங்கும் போயிருந்தது. தங்கை என்னிடம் வந்தாள்.

"குடின்னா இந்த ஊர்ல எவனும் வேன் குடுக்க மாட்டான்ணா. தூங்கிட்டாருன்னா மன்னிச்சிருவாங்க. நீதான் நல்லா எழுதுவ, எழுதிக் குடு."

எழுதினேன். 'விடியற்காலையிலேயே பணி தொடங்கியமையால் ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டேன்' என்று, ஒற்றுப்பிழை இல்லாமல், திருத்தமாக எழுதிக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் அதைப் படித்தார். "தூங்கித்தான் இருப்பேன் போல," என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் பள்ளிக்குப் போனார். தூங்கும் ஓட்டுநரிடம் குழந்தைகளை ஒப்படைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை நான் அடி அண்ணாமலைக்குப் போனேன். அவரும் தங்கையும் இருக்கும்போது நடந்ததைச் சொன்னேன்: நட்டை இறுக்கியது, கிரீஸ் என்று பொய் சொன்னது, மெக்கானிக் காட்டியது, எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப நான் தூங்கல," என்றார். பிறகு, "எப்பத்திலிருந்து மச்சான் தெரியும்?"

"வண்டியப் பிரிச்ச அன்னிக்கே."

"லெட்டர் எழுதறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

தங்கை எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மேலாளர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். புது ஆளைப் போட்டாகிவிட்டது என்றார். தங்கையின் கணவர் வேலையைக் கேட்கவில்லை.

"அந்த லெட்டர மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க சார். நான் தூங்கல."

"ஃபைல்ல சேத்தாச்சுப்பா. உன் கையெழுத்துதான அது?"

"கையெழுத்து என்னுதுதான்," என்றார்.

நான் எழுதியது அது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். படியிறங்கும்போது நான் தங்கையின் கணவருக்குக் கை கொடுத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.