ஓரகத்தி தட்டில் பலாச்சுளை

என் கணவரின் தம்பி மனைவியும் நானும் மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தோம். சிதம்பரத்து டாக்டரம்மா என்னிடம், "வெயிட் ஜாஸ்தியா ஏறுது. இனிப்பக் கொறைச்சிட்டு தெனம் நடங்க" என்றார். இளைத்திருந்த அவளையோ நன்றாகச் சாப்பிடச் சொன்னார்.

காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் வந்தபோது மாமியார் சுளைகளை அவள் தட்டில் குவித்தார். எனக்கு வெள்ளரிக்காய். அவள் மெல்லும் சத்தமே பொறுக்காமல் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன்.

சற்று நேரத்தில் அவளும் அங்கே ஓடிவந்து, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. எது சாப்ட்டாலும் ஒங்களுக்கு ஒடம்புல ஒட்டுது" என்று அழுதாள்.

அதன்பின் மாலைகளில் மைதானத்தில் சேர்ந்தே நடந்தோம். இரண்டு பிரசவமும் நல்லபடியாக முடிந்தன. அவள் குழந்தைதான் கொழுகொழுவென்று இருந்தது. அதைத் தூக்கியபோது எனக்கு மறுபடியும் வயிறெரிந்தது.