காற்று, பனி, மாடு

வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது என் தொழில். ரொறன்ரோவின் பார்க்டேலில் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் மாடியில் தனியாக இருந்த கிழவியிடம் வாரத்தில் நான்கு நாட்கள் போனேன். தொண்ணூறு தாண்டியவர். குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, மதியச் சாப்பாடும் முடிந்தபின் அரைமணி நேரம் மிஞ்சும். அதில் அவருடைய தகப்பனின் நாட்குறிப்பை வாசிக்கவேண்டும். அது என் வேலைப் பட்டியலில் இல்லாத வேலை.

தகப்பன் நோர்வேயிலிருந்து அமெரிக்காவின் வட டகோட்டாவுக்குப் போனவர். ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் நூற்றறுபது ஏக்கர் சொந்தம் என்று அரசாங்கம் சொன்னதை நம்பிப் போன கூட்டத்தில் ஒருவர். மரமே இல்லாத வெளி. புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினாராம். காணி உறுதி கிடைக்க ஆங்கிலம் தெரியவேண்டும் என்று யாரோ சொல்லிவிட, நாட்குறிப்பையும் பிழை பிழையான ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார். திகதி அச்சிட்ட புத்தகங்கள்; நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி.

"மழை. நின்ற பிறகும் கூரை இரண்டு நாள் ஒழுகியது." "காற்று வடமேற்கு. எருது நொண்டுகிறது." கிழவி பிறந்த அன்று எழுதியது இது: "பெண் பிள்ளை. பனி நின்றது." எனக்குக் கோபம் வந்தது. கிழவி சிரித்தார்.

அவருக்கு ஆறு வயதில் தாய் காய்ச்சலில் இறந்துவிட்டார். அதன்பிறகு தகப்பன் மனைவியின் பேரை ஒருநாளும் சொல்லவில்லை. அவர் அழுததை எவரும் காணவுமில்லை. நாட்குறிப்புகள் அண்ணனிடம் இருந்தன. அண்ணனும் இறந்து, அவை இருந்த பெட்டி ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது கிழவிக்குக் கண்பார்வை போய்விட்டிருந்தது.

"அம்மா போனது அவருக்கு வலித்ததா என்று தெரிந்துகொண்டு சாகவேண்டும்," என்றார். சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

அந்த வருடத்துப் புத்தகத்துக்கு வந்தோம். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நான் முன்னே புரட்டினேன். "காற்று வடமேற்கு. மனைவி காலையில் இறந்தாள். மாடுகளுக்குத் தீனி வைத்தேன்." அவ்வளவுதான். பாவி மனுசன் என்று வாய்க்குள் திட்டினேன்.

எங்கள் ஊர்க்காரர் வீடுகளில் யாராவது போனால் கண்ணீர் அஞ்சலி எழுதிக் கொடுப்பது நான்தான். "அக்கா, கொஞ்சம் உருக்கமா எழுதிவிடுங்கோ," என்று போன் வரும். மனைவியோடு இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவரை "ஆருயிர்த் துணையை இழந்து ஆறாத்துயரில் வாடும் கணவர்" ஆக்கியிருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

அன்று பின்னேரம் என் கணவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வரி கூட்டி வாசிச்சால் என்ன குறைஞ்சு போகுது? அந்த மனுசி நிம்மதியாப் போகட்டும்," என்றார்.

"ஓம், நானும் அதைத்தான் நினைச்சனான்," என்றேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, மூச்சுவிடாமல் தொடர்ந்தேன்: "என் உயிரே போய்விட்டது. இனி நான் எப்படி வாழ்வேன்?"

கிழவி கையை உயர்த்தினார். "அது அப்பா எழுதியது இல்லை. அது உன்னுடையது."

எனக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அடுத்த நாள் என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை. வெறும் பக்கம்."

"அதற்கடுத்த நாள்?"

"அதுவும் வெறும் பக்கம்தான்."

கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெட்டுக்கிளி விளைச்சலைத் தின்று தீர்த்த நாளிலும், காலில் கோடரி விழுந்த நாளிலும் எழுதத் தவறாத மனிதர் அவருடைய தகப்பன். நான் தாள்களைத் திருப்பிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் "இல்லை" என்றேன். பதினெட்டாம் பக்கத்தில்தான் எழுத்து இருந்தது: "வெயில். வேலி திருத்தினேன்."



"திரும்ப வாசி," என்றார் கிழவி. "வெறும் பக்கங்களை மட்டும்."

பதினேழு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தாள் புரளும் சத்தத்தைக் கேட்டபடி அவர் அழுதார்.