புற்றுக்காளானுக்கு வைத்த பொட்டு

எங்கள் கல்லூரித் தாவரவியல் காட்சிக்கூடத்துக்கு ராஜமாணிக்கம் வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர்க்காரர். இன்னும் தற்காலிக ஊழியர்தான். நிரந்தரமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்த மூன்று முதல்வர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நான்காமவர் மேசையில் கோப்பு இருக்கிறது, கையெழுத்துத்தான் பாக்கி.

கூடத்து அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு காகித உறைகளில் உலர்ந்த காளான்கள் உண்டு. எல்லாம் திருவண்ணாமலை மலையைச் சுற்றிப் பறித்தவை. மிகப் பழையது 1937இல் அடி அண்ணாமலைப் புற்று ஒன்றில் முளைத்தது. பார்த்தால் சுக்குத் துண்டு மாதிரி இருக்கும். அதற்குப் போய் மனிதர் பாச்சை உருண்டை வைப்பார், மழைக்காலத்தில் குண்டு பல்பு போட்டு ஈரம் போக்குவார். அந்தப் பக்கம் நின்று நான் தும்மினால் முறைப்பார். நான் பேராசிரியர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

போன மாதம் சென்னையிலிருந்து நந்தினி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். நான்கு வருடம் காளானோடு மாரடித்தும் சொல்லிக்கொள்ள ஒன்றும் சிக்காதவள். 1937 உறையைப் பிரித்து லென்ஸில் பார்த்தவள் துள்ளி எழுந்தாள். குடையின் நடுவில் செதில் செதிலாக மஞ்சள் வட்டம், அதற்குள் சிவப்புப் புள்ளி. உறையில் இருந்த பழைய குறிப்பில் இந்த நிறங்களே இல்லை.

"சார், இது புது இனம்!" என்றாள். கண் கலங்கிவிட்டது. உடனே தன் வழிகாட்டியைக் கைபேசியில் அழைத்தாள்.

பக்கத்தில் நின்ற ராஜமாணிக்கம் கையிலிருந்த பாச்சை உருண்டை டப்பாவைக் கீழே வைத்தார். வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். ஆனால் அந்தப் பெண்ணை நாளைக்கு ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

"போனை வைம்மா. அது காளானோட நெறம் இல்ல. ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம், குங்குமம்."

தினமும் நெற்றியில் பார்ப்பது லென்ஸில் அடையாளம் தெரிவதில்லை போலும். நந்தினி அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கேட்டாள்.

"கவர் மேல வைக்கக் கூடாதா?"

"கவரா உழைக்குது? மைக்ராஸ்கோப்புக்கு வச்சேன், அலமாரிக்கு வச்சேன். இந்தக் காளான் எம்பது வருஷத்துக்கு மேல பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துனு இருக்குது, அத்த மட்டும் விட்டா மனசு கேக்குமா?"

"வேற எந்தக் காளானுக்கெல்லாம் வச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான். ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ண உட்டா ஓரவஞ்சனை இல்லியா?"

அழ வேண்டியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஷயம் முதல்வர் வரை போனது. அவர் மேசையில் கிடந்த கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு ராஜமாணிக்கத்தை வரவழைத்தார். நானும் நந்தினியும் பின்னாலேயே போய் நின்றோம். எத்தனை காளான் என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றோம். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எது காளான், எது குங்குமம்னு தெரிஞ்சவரு இந்தக் காலேஜ்ல இவர் ஒருத்தர்தான். இவரை எப்படிங்க அனுப்புறது?" என்று எங்களைக் கேட்டுவிட்டு, முதல்வர் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.