ஐந்தரைக்குக் கடப்பவர்கள்

இந்தக் குளிர்தேசத்து நகரில், வோபர்ன் பகுதியில், எங்கள் பில்டிங்குக்கு முன்னால் அகலமான வீதி. பஸ் நிற்கும் இடம் எதிர்ப்பக்கம். லைற் உள்ள சந்தி இடப்பக்கமும் தூரம், வலப்பக்கமும் தூரம். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் குறுக்கே கடப்போம். சிலர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நான் பாண் சுடும் தொழிற்சாலை. எட்டாம் வகுப்புவரை படித்தேன். அதற்குப் பிறகு சண்டை, ஓட்டம்தான்.

போன மாரிப் பனியில் பக்கத்து வீட்டு அக்காவைக் கார் அடித்தது. இடுப்பு முறிந்தது. இப்போது வோக்கரைப் பிடித்து நடக்கிறார். வேலைக்குப் போவதில்லை.

நடந்து கடக்க ஒரு லைற் போடுங்கள் என்று எல்லோரும் கையெழுத்து வைத்து நகரசபைக்கு அனுப்பினோம். பதில் வந்தது. அதிகாரிகள் வந்து ஆட்களை எண்ணினார்களாம். கடப்பவர்கள் போதாதாம். லைற் தேவையில்லையாம். கவுன்சிலர்கள் கூடி முடிவெடுப்பார்கள், விரும்பினால் வந்து பேசலாம் என்றும் இருந்தது.

"முடிவை அவங்கள் எப்பவோ எடுத்திட்டாங்கள்," என்றார்கள் பில்டிங்கில்.

"அப்ப என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்," என்றேன். பேசப் பெயர் கொடுத்தேன்.

மேல்மாடியில் ஓர் அண்ணை இருக்கிறார். கோயில், பழைய மாணவர் சங்கம் என்று பல கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர். அவர்தான் பேச்சை எழுதித் தந்தார். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க வணக்கம்.

"இவ்வளவும் வேணுமோ அண்ணை?"

"வணக்கம் சொல்லாமல் மைக்கைத் தொட்டால் பட்டிக்காடு எண்டு நினைப்பாங்கள்."

"நான் பட்டிக்காடுதானே."

"நீர் எங்கள் எல்லாருக்குமாப் போறீர். சபை மரியாதை முக்கியம்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பிழையில் எனக்கும் பங்குண்டு.

கூட்டத்தில் ஒரு திரையில் மணிக்கூடு ஓடியது. பேச வந்தவர்கள் அதிகம் என்பதால் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் என்றார்கள். நான் ஒரு வசனம் சொல்ல, மொழிபெயர்க்க வந்த பிள்ளை ஒரு வசனம் சொன்னாள். பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம். உபதலைவருக்கு வணக்கம். கவுன்சிலர்களுக்கு, அதிகாரிகளுக்கு, வருகை தந்திருக்கும் பெரியோருக்கு, தாய்மாருக்கு. பக்கத்தைப் புரட்டினேன். மணி அடித்தது.

"அன்ரி, நேரம் முடிஞ்சுது," என்றாள் பிள்ளை.

"நான் இன்னும் தொடங்கேல்லையே."

"ரூல் அப்பிடித்தான். வாங்கோ, கதிரையிலை இருப்பம்."

"இருக்க மாட்டன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மைக் கம்பியை விடவில்லை. பேசியவரிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா என்று தலைவர் மற்றவர்களைக் கேட்டார். அது அந்தச் சபையின் வழக்கம். ஒரு பெண் கவுன்சிலர் கையை உயர்த்தினார். எத்தனை மணிக்குக் கடக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஐஞ்சரைக்கு."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். எத்தனை மணிக்கு எண்ணத் தொடங்கினீர்கள்? ஏழரைக்கு என்றார் அதிகாரி.

"ஏழரைக்கு நாங்கள் வேலையிலை நிக்கிறம்," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளை அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மறுபடி எண்ணிக்கொண்டு வரும்படி சொல்லி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஒரு காலை ஐந்து மணிக்கே எண்ணுகிறவரின் கார் வந்து நின்றது. அண்ணையும் கோட்டுப் போட்டுக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

"எல்லாரும் ரெண்டு மூண்டு தரம் கடவுங்கோ. தொகை கூடும்."

"வேண்டாம் அண்ணை. இருக்கிற ஆக்களே காணும்."

"தங்கச்சி, உமக்கு அரசியல் தெரியாது."

"றோட்டுத் தெரியும்."

வோக்கரோடு அக்காவும் வந்திருந்தார். "என்னையும் எண்ணுவாங்களோ?" என்று கேட்டார்.

"கடந்தால்தான் எண்ணுவாங்கள்."

அக்கா வீதியைப் பார்த்தார். கார்கள் நிற்காமல் போயின. அவர் கரையிலேயே நின்றார். நாங்கள் ஒரு தரம் கடந்து வேலைக்குப் போனோம்.

புதிய அறிக்கை வந்தது. தொகை கூடியிருக்கிறதாம். ஆனாலும் போதாதாம்.

இரண்டாம் கூட்டத்துக்குத் தாள் கொண்டுபோகவில்லை. அதே மூன்று நிமிடம். அதே பிள்ளை. வணக்கம் சொல்லவில்லை.

"நாங்கள் ஐஞ்சரைக்குக் கடக்கிறம். போன மாரியிலை எங்கடை அக்காவைக் கார் அடிச்சது. நீங்கள் ரெண்டு தரம் எண்ணினீங்கள். ரெண்டு தரமும் அவ அதிலை இல்லை. அவவாலை கடக்கேலாது, அதாலை எண்ணுப்படேல்லை. என்ரை மூண்டு நிமிசத்திலை மிச்சம் அவவின்ரை நேரம்."

பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன். மணிக்கூடு ஓடியது. பிள்ளை என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

முடிந்ததா என்று தலைவர் கேட்டார்.

"இல்லை. நேரம் கிடக்கு."

ஒரு கவுன்சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத்தில் அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகுதான் போய் இருந்தேன்.

வாக்கெடுத்தார்கள். அதிகாரிகள் வேண்டாம் என்று எழுதியதைத் தள்ளிவிட்டு, லைற் போடச் சொன்னார்கள். இரண்டு பேர் கை உயர்த்தவில்லை. அவர்களின் முகங்களையும் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பில்டிங் வாசலில் அண்ணை நின்றார். "வணக்கமாவது சொன்னீரோ?"

"இல்லை."

அவருக்கு மனவருத்தம்தான். எனக்கு இல்லை.

லைற் கம்பம் இன்னும் நடப்படவில்லை. நாங்கள் இன்றும் ஐந்தரைக்குக் குறுக்கேதான் கடந்தோம்.

"எப்பவாம் போடுவாங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"பனி போன பிறகாம்."

"போடாட்டில்?"

"திரும்பவும் பேசப் பேர் குடுப்பம். நீங்களும் வாங்கோ. அப்ப ஆறு நிமிசம்."